கோட்டை, கல்வட்டம், கால்வழி: ஸ்காட்லாந்து நாட்டுப்புறத்தை எப்படிப் பார்ப்பது?

ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்றைத் தேடிப் போகிறார்கள்: கோட்டைகள், ஐயாயிரம் ஆண்டுப் பழைய நெடுங்கற்கள், மலையையும் ஏரியையும் ஒட்டிச் செல்லும் நடைபாதைகள். இவற்றைப் பற்றிய எழுத்தும் தனித்தனியாகவே இருக்கிறது. கோட்டைகளை அரச வரலாறு எடுத்துக்கொள்கிறது, கற்களைத் தொல்லியல் எடுத்துக்கொள்கிறது. நடைபாதை என்பது உடலுக்கு உரமும் கண்ணுக்கு விருந்தும் தரும் விடுமுறைச் சமாசாரமாக நின்றுவிடுகிறது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் இழப்பு அதிகம். மூன்றும் ஒரே நிலத்தின் ஆவணங்கள். அந்த நிலத்தை யார் ஆண்டார்கள், யார் உழுதார்கள், யாரிடமிருந்து அது பறிக்கப்பட்டது என்பது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். அப்படிப் பார்க்கும்போது, இதுவரை கடைசி இடத்தில் வைக்கப்பட்ட பாதைதான் முதலிடத்துக்கு உரியது என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர் தெரியாத எளிய மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டாக்கியது அது. அதைக் காக்க அவர்கள் நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறார்கள்.

கற்கள் சொல்வது

காலத்தால் மூத்தவை கற்கள். லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் நிற்கும் கலனிஷ் கல்வட்டம் கி.மு. 2900ஐ ஒட்டி எழுப்பப்பட்டது. நடுவில் 4.8 மீட்டர் உயரமான ஒற்றைக் கல். அதைச் சூழ்ந்து 13 கற்கள். வட்டத்திலிருந்து வெளியே நீளும் கல்வரிசைகள். எல்லாமே அத்தீவின் நைஸ் பாறை. அதன் வயது 300 கோடி ஆண்டு வரை போகிறது. 18.6 ஆண்டுக்கு ஒருமுறை நிலவு தன் தென்கோடி எல்லையைத் தொடும்போது, தெற்கே உள்ள மலைமுகட்டை உரசியபடி தாழ நகர்ந்து போவதை இங்கிருந்து காணலாம். அந்தச் சுழற்சியை அறிந்துதான் கற்களை நட்டார்கள் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர்.

காலப்போக்கில் ஈரமும் குளிரும் கூட, ‘பீட்’ எனப்படும் மக்கிய சதுப்பு மண் இங்கே படிந்து வளர்ந்தது. 1857இல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருந்த அந்த மண்ணை வெட்டி எடுத்த பிறகே கற்களின் முழு உயரம் வெளியே தெரிந்தது. வெட்டச் சொன்னவர் ஜேம்ஸ் மதிசன். சீனாவுக்கு அபின் விற்றுச் சேர்த்த செல்வத்தில் 1844இல் லூயிஸ் தீவையே விலைக்கு வாங்கியவர். ஐயாயிரம் ஆண்டுச் சின்னம் ஒன்று, அது நிற்கும் தீவோடு சேர்த்து ஒரு வணிகரின் சொத்தானது என்பதை அங்கே போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

வடக்கே ஆர்க்னி தீவுகளில் இந்தக் காலத்தின் வாழ்க்கை முழுமையாகக் கிடைக்கிறது. ஸ்காரா ப்ரே என்ற கற்கால ஊர், 1850இல் வீசிய புயல் கடற்கரை மணலை வாரிக்கொண்டு போனபோது வெளிப்பட்டது. கல்லால் செய்த கட்டில், அலமாரி, நடுவில் அடுப்பு என்று வீடுகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்திலேயே 104 மீட்டர் விட்டமுள்ள பிராட்கர் வட்டம், அதனினும் பழைய ஸ்டெனஸ் கற்கள், நடுக்குளிர்காலத்துச் சூரியன் மறையும்போது உள்ளே ஒளி பாயும் மேஸ்ஹோ கல்லறை. இவை அனைத்தும் சேர்ந்து 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அந்தக் காலத்து மக்கள் ஒதுங்கிக் கிடந்தவர்கள் அல்லர். தென் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சின் நடுவில் கிடக்கும் 6 டன் எடையுள்ள ‘பலிபீடக் கல்’ வடகிழக்கு ஸ்காட்லாந்திலிருந்து போனது என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. குறைந்தது 700 கிலோமீட்டர் தொலைவு அது.

ஆனாலும் கல்வட்டங்களை அருகிருந்து பார்க்க நான் பரிந்துரைப்பது அபர்டீன்ஷயரைத்தான். வட்டத்தின் தென்மேற்குப் பக்கத்தில் ஒரு பெருங்கல்லைப் படுக்கவைத்து, இருபுறமும் உயரமான காவற்கற்களை நிறுத்துவது இப்பகுதிக்கே உரிய அமைப்பு. ஈஸ்டர் அக்வோர்தீஸ் வட்டத்தின் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி சுற்றி வந்தால் நிறம் மாறுவது புலப்படும். படுத்திருக்கும் கல் செந்நிறக் கருங்கல். இருபுறக் காவற்கற்கள் வெளிர்சாம்பல். வட்டத்தின் மற்றக் கற்கள் பெரும்பாலும் இளஞ்சிவப்பு. உயரமும் காவற்கற்களின் பக்கம் வர வர ஏறுகிறது. கல்லைத் தேர்ந்தவர் நிறமும் அளவும் பார்த்துத் தேர்ந்திருக்கிறார். டாம்னவெரி வட்டத்தில் தொல்லியலாளர் ரிச்சர்ட் பிராட்லி நடத்திய அகழாய்வு இன்னொன்றையும் காட்டியது. அங்கே முதலில் பிணம் எரித்த இடமும் கற்குவியலும் உண்டாயின. சுற்றிலும் கற்களை நட்டது கடைசி வேலை. நமக்குத் தொடக்கமாகத் தெரியும் வட்டம், ஓர் இடத்தின் நீண்ட வாழ்வை முடித்து மூடியதன் அடையாளம்.

கோட்டைகள் சொல்வது

ஆளும் அதிகாரம் கல்லில் ஏறிய கதை கோட்டைகளுடையது. அதற்கு முன்னோடி ‘ப்ராக்’ எனப்படும் வட்டக் கோபுரங்கள். ஷெட்லாந்தின் மூசா தீவில் நிற்கும் ப்ராக், சுண்ணாம்போ சேறோ பூசாமல் அடுக்கிய கற்களால் 13 மீட்டர் உயரம் எழுந்து, இரண்டாயிரம் ஆண்டைத் தாண்டியும் நிற்கிறது. இரட்டைச் சுவர்களுக்கு நடுவே படிக்கட்டு சுற்றி ஏறுகிறது. இடைக்காலத்தில் முழு அளவிலான கற்கோட்டைகள் வந்தன. கேர்லாவ்ராக் கோட்டை முக்கோண வடிவில், அகழிக்கு நடுவே நிற்பது. 1300இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் பெரும்படையை எதிர்த்து அதைக் காத்தவர்கள் சுமார் 60 பேர்.

எட்வர்டுக்கு எதிராகப் போராடிய ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ், தான் மீட்ட ஸ்காட்லாந்துக் கோட்டைகளைத் தானே இடித்தார். எதிரி மறுபடியும் வந்து பிடித்தால் அங்கே ஊன்றிக்கொள்ளக் கூடாது என்பதே காரணம். 1314இல் எடின்பரோவும் ராக்ஸ்பரோவும் அப்படித்தான் போயின. ஆகவே, ஓர் இடிபாட்டைப் பார்க்கும்போது காலம் தின்றது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நெஸ் ஏரிக்கரையின் அர்க்கார்ட் கோட்டையை 1692இல் காவற்படையே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனது. இன்று நாட்காட்டிகளில் அதிகம் காணப்படும் எய்லியன் டோனன் 1719இல் கடற்படையினரால் தகர்க்கப்பட்டது. இப்போது நாம் காண்பது 1912க்கும் 1932க்கும் இடையில் புதிதாகக் கட்டியெழுப்பப்பட்டது. எது பழையது, எது பழையதுபோல் கட்டப்பட்டது என்று கேட்காமல் கோட்டையைப் பார்ப்பதில் பயன் குறைவு.

கோட்டையில் வாழ்ந்தவரின் அச்சத்தை உணர எல்லைப்புறத்தின் ஸ்மெயில்ஹோம் கோபுரத்துக்குப் போக வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் பிரிங்கிள் குடும்பத்தார் ஒரு பாறை முகட்டில் கட்டிய தனிக் கோபுரம் அது. உயரம் சுமார் 20 மீட்டர். சுவர்களின் கனம் இரண்டு மீட்டருக்கு மேல். கீழ்த்தளம் சரக்கறை, மேலே கூடம், ஒருவர்பின் ஒருவராக மட்டுமே ஏற முடிகிற சுழற்படி. உச்சியில், புகைபோக்கியின் இதமான சுவரை ஒட்டி, காவற்காரருக்கென்று ஒரு கல் இருக்கையும் விளக்கு வைக்க ஒரு மாடமும் உண்டு. எல்லையின் இருபுறமும் மாடு கவரும் கூட்டங்கள் இரவில் வரும். வருவதைக் கண்டதும் தீ மூட்டி அடுத்த கோபுரத்துக்குச் செய்தி சொல்ல வேண்டும். 1535இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் எல்லைப்புறத்தில் 100 பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் 60 அடிச் சதுர மதில் எழுப்ப வேண்டும் என்று சட்டமே இயற்றியது. குடியானவர்களும் மாடுகளும் ஆபத்தில் அதற்குள் அடைக்கலம் புகலாம். சிறுவயதில் நோயால் கால் நலிந்த வால்டர் ஸ்காட் இந்தக் கோபுரத்தடியில் இருந்த தாத்தாவின் பண்ணையில்தான் வளர்ந்தார். உலகம் இன்று ஸ்காட்லாந்தைக் காதற்கதை நிலமாகப் பார்ப்பதற்கு அவருடைய எழுத்து ஒரு பெரிய காரணம்.

அந்தக் காதற்கதைக்கு அடியில் கொடுமையும் உண்டு. வடகடல் பாறைமேல் நிற்கும் டன்னாட்டர் கோட்டை, இங்கிலாந்திலிருந்து வந்த குரோம்வெல் படைக்கு எட்டாமல் நாட்டின் மணிமுடியையும் செங்கோலையும் வாளையும் காத்த இடம் என்று கொண்டாடப்படுகிறது. அதே கோட்டையின் நிலவறையில் 1685இல் சமய நம்பிக்கைக்காக 167 ஆண்களும் பெண்களும் அடைத்துவைக்கப்பட்டார்கள். அந்த அறைக்குள் நின்று பார்க்காமல் திரும்புகிறவர் கோட்டையின் பாதியைத்தான் பார்த்தவர்.

வெறுமையாக்கப்பட்ட பள்ளத்தாக்குகள்

கோட்டைக்கும் கல்வட்டத்துக்கும் இடையே நடக்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, எவ்வளவு அழகான மனிதர் தடமற்ற நிலம் என்பதே. ஹைலேண்ட்ஸ் மலைநாட்டின் பெரும்பகுதியில் அது உண்மை அன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவரை, செம்மறி வளர்ப்பில் கிடைக்கும் கூடுதல் குத்தகைக்காக நிலப்பிரபுக்கள் ஊர் ஊராகக் குடிகளை வெளியேற்றினார்கள். சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் ரோசல் என்ற ஊரின் வீட்டு அடித்தளங்களும் உழுத வரப்புகளும் புல்லுக்கடியில் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. 1845இல் கிளென்கால்வியிலிருந்து துரத்தப்பட்டவர்கள் குரோய்க் தேவாலயத்தின் முற்றத்தில் தங்கியபோது, அதன் சன்னல் கண்ணாடிகளில் தங்கள் நிலையைக் கீறி எழுதினார்கள். சாய்சதுரக் கண்ணாடிச் சில்லுகளில் அந்தக் கீறல்களை வெளியே நின்று இன்றும் படிக்கலாம். கோட்டைகளுக்கு இருக்கும் கல்வெட்டுகளைவிட இந்தக் கீறல்களுக்கு என் மதிப்பீட்டில் எடை கூடுதல்.

பாதைகள் எப்படிப் பிறந்தன

இன்று நடைபயணிகள் கால் வைக்கும் வழிகளில் பல, பிழைப்புக்காகவோ போருக்காகவோ உண்டானவை. முதலாவது மாட்டுத்தடங்கள். மலைநாட்டின் செல்வம் கறுப்பு மாடு. ஸ்கை தீவின் மாடுகளைக் கைல்ரியா நீரிணையில், ஒன்றின் வாலோடு அடுத்ததைக் கட்டி, படகின் பின்னால் நீந்தவைத்து அக்கரை சேர்ப்பார்கள். பிறகு வாரக்கணக்கில் கணவாய்கள் வழியாக ஓட்டிப்போய் கிரீஃப் சந்தையிலும், அதன் பின்னர் ஃபால்கர்க் சந்தையிலும் விற்பார்கள். கற்பாதையில் குளம்பு தேயாதிருக்க மாடுகளுக்கு லாடமும் அடித்தார்கள். சந்தை உச்சத்திலிருந்த காலத்தில் ஆண்டுக்கு லட்சம் மாடுகள் வரை அங்கே கைமாறின. ஏ.ஆர்.பி. ஹால்டேன் 1952இல் எழுதிய மாட்டுத்தட வரலாறு இந்த உலகத்தை மீட்டுக் கொடுத்த நூல்.

இரண்டாவது படைச்சாலைகள். அரியணை இழந்த ஸ்டூவர்ட் குடும்பத்தை மீண்டும் ஏற்ற 1715இல் ஜாக்கபைட் கலகம் எழுந்த பிறகு, மலைநாட்டை அடக்க ஜெனரல் ஜார்ஜ் வேட் 1725 முதல் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சாலை போட்டார். அவருக்குப் பின் வில்லியம் கால்ஃபீல்ட் அதை மேலும் நீட்டினார். 1731இல் கோரியாரிக் கணவாயின் மேல் வேட் போட்ட சாலையில் 1745இல் முதலில் பயன் கண்டது அந்தக் குடும்பத்து இளவரசர் சார்லஸின் கலகப் படைதான். அரசாங்கம் போட்ட வழி அரசாங்கத்துக்கு எதிராகவே உதவியது. இன்றைக்கு மில்கையிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர் செல்லும் ‘வெஸ்ட் ஹைலேண்ட் வே’ 1980இல் திறக்கப்பட்டது. அதில் மாட்டுத்தடமும் படைச்சாலையும் பழைய ரயில் பாதையும் மாறி மாறி வருகின்றன. கிளென்கோவுக்கு அருகே ‘சாத்தான் படிக்கட்டு’ என்ற வளைந்து வளைந்து ஏறும் பகுதி, சிப்பாய்கள் வெட்டியது. இப்படி அறிவிக்கப்பட்ட நெடும்பாதைகள் இன்று ஏறத்தாழ 30. மொத்த நீளம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்.

நடக்கும் உரிமை

இந்தப் பாதைகள் தாமாகத் தப்பிப் பிழைக்கவில்லை. மக்கள் வெளியேற்றப்பட்ட நிலத்தில் செம்மறிக்குப் பின் மான் வேட்டை வந்தது. வேட்டைக்கு இடைஞ்சல் என்று பாதைகளை அடைத்தார்கள். 1847இல் எடின்பரோவின் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹட்டன் பால்ஃபர் மாணவர்களோடு கிளென் டில்ட் வழியாக வந்தபோது, அத்தோல் பிரபு தம் ஆட்களுடன் நின்று மறித்தார். இரண்டு ஆண்டுக்கு முன்புதான் எடின்பரோவில் பொதுவழிகளைக் காக்க ஒரு சங்கம் தோன்றியிருந்தது. அந்தச் சங்கம் வழக்குக்குப் போயிற்று. கிளென் டில்ட் இன்றும் பொதுவழி.

அடுத்த பெரிய வழக்கு கிளென் டோலில் நடந்தது. பிரேமாருக்குப் போகும் மலைவழியை அங்கே நிலம் வாங்கிய ஒருவர் அடைத்தார். நாற்பது ஆண்டு இடைவிடாத பயன்பாட்டை நிறுவினால்தான் பொதுவழி என்பது அன்றைய சட்டம். மேய்ப்பர்களும் ஆடு ஓட்டியவர்களும் சாட்சிக் கூண்டில் ஏறி, எந்த ஆண்டு எந்தச் சந்தைக்கு அந்த வழியாகப் போனோம் என்று நினைவிலிருந்து சொன்னார்கள். 1888இல் மேல்முறையீட்டில் பிரபுக்கள் சபை அவர்கள் பக்கம் தீர்த்தது. ‘ஜாக்ஸ் ரோடு’ என்று இன்று அழைக்கப்படும் அந்த வழிக்கான பட்டா, மேய்ப்பர்களின் வாய்மொழி.

இந்த நீண்ட இழுபறியின் விளைவுதான் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம். 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் ஏறத்தாழ எல்லா நிலத்திலும் நீர்நிலையிலும் போகலாம். நடந்தோ மிதிவண்டியிலோ குதிரையிலோ படகிலோ போகலாம். சிறு கூடாரமடித்து இரவு தங்கலாம். மோட்டார் வண்டிக்கு இடமில்லை. வீட்டைச் சுற்றிய தோட்டமும் பயிர் நிற்கும் வயலும் விலக்கு. வாயிற்கதவை இருந்தபடியே விட்டுச் செல்வது, குட்டி ஈனும் காலத்தில் நாயை ஆட்டுமந்தையிடமிருந்து விலக்கிவைப்பது, வேட்டைக் காலத்தில் வழி விசாரித்துப் போவது ஆகியவை நடப்பவரின் கடமைகள். பக்கத்து இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் விருப்பப்படி உலவும் உரிமையைத் தருவது நிலப்பரப்பில் சுமார் 8 விழுக்காட்டில்தான்.

கோட்டைக்கும் நடப்பவருக்கும் மோதல் இன்னும் ஓயவில்லை. பெர்த் அருகே கின்ஃபான்ஸ் கோட்டையின் உரிமையாளர் தொடுத்த வழக்கில், தனிமை காக்க அவர் வேலியிட்ட பல ஏக்கர் தோப்பு பொது உரிமைக்குள் வராது என்று 2007இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் எல்லை எது என்ற கேள்வி அங்கிருந்து தொடர்கிறது.

நாகப்பட்டினத்தின் வாயில்

கல், அதிகாரம், பாதை ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடம் ஒன்று தமிழரின் கவனத்துக்கு உரியது. ஈஸ்டர் ராஸ் பகுதியில் 453 மீட்டர் உயரமுள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில் வளைவு வாயில் போன்ற ஒரு கற்கட்டடம் நிற்கிறது. 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய சர் ஹெக்டர் மன்றோ, அந்தக் கோட்டை வாயிலின் சாயலில் 1782இல் எழுப்பியது அது. நாகப்பட்டினம் விழுவதற்கு முந்தைய ஆண்டு, பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை அழித்தபோது உதவிக்குப் போகாமல், காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுப் பின்வாங்கியவரும் இதே மன்றோதான். வேலையில்லாத உள்ளூர் மக்களுக்குக் கூலி கொடுக்க இந்தக் கட்டடத்தைக் கட்டியதாகச் சொல்வார்கள். கூலி நாட்களை நீட்டிக்க, மேலே ஏற்றிய கற்களைக் கீழே உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார் என்பது ஊரில் வழங்கும் கதை. பத்து ஆண்டு கழித்து, 1792இல், அதே ராஸ் வட்டாரத்தில் குடிகள் திரண்டு செம்மறிகளைத் துரத்தப் பார்த்தார்கள். படை வந்து அவர்களை அடக்கியது. இன்று பைன் காட்டினூடாக யாரும் அந்தக் குன்றில் ஏறலாம். சோழமண்டலக் கரையில் நடந்த ஒரு போரின் நினைவு, கூலிக்குக் கல் சுமந்தவர்களின் உழைப்பில் அங்கே நிற்கிறது.

எதைக் காப்பது?

கோட்டைகளும் கற்களும் இன்று ஆபத்தில்தான் இருக்கின்றன. கனத்த மழை சுவர்களுக்குள் இறங்கிக் காரையைக் கரைக்கிறது. அரசுத் தொல்சின்ன நிறுவனம் சில ஆண்டுகளாக உயரச் சுவர்களைச் சோதித்துவருகிறது. கல் விழும் அபாயத்தால் பல இடங்களை முழுதாகவோ பகுதியாகவோ மூடவும் நேர்ந்தது. அபர்லெம்னோவில் பழைய பிக்ட் இனத்தார் செதுக்கிய சிற்பக்கற்களுக்குக் குளிர்காலத்தில் மரப்பெட்டி போட்டு மூடுகிறார்கள். ஸ்காரா ப்ரேயைக் கடல் அரிக்காமலிருக்கத் தடுப்புச்சுவர் நிற்கிறது. இவற்றுக்குச் செலவிடுவது நியாயமே.

பாதைக்கு இந்த அளவு காப்பு இல்லை. கோரியாரிக் போன்ற சில படைச்சாலைப் பகுதிகள் தொல்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளன. மாட்டுத்தடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தகுதி தரப்படவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளை முதன்மைப் பாதைகளைக் குறிக்கச் சொல்கிறது. பராமரிக்க அதிகாரம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. நடப்பவர் கூடக் கூட, மழை கனக்கக் கனக்க, பீட் மண்ணில் போகும் வழி அகன்று சேறாகிறது. வடிகால் வெட்டி, கல் பாவி அதைச் செப்பனிடுவது கைத்திறன் வேண்டும் வேலை, செலவும் பிடிப்பது.

நடக்கும் உரிமை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஆர்க்னியின் ஓடின் கல் சாட்சி. நடுவே துளையுள்ள அந்தக் கல்லின் வழியாகக் கைகோத்து மக்கள் உறுதிமொழி எடுத்துக்கொள்வார்கள். தன் நிலத்தில் ஆட்கள் வந்துபோவது பிடிக்காத ஒரு குத்தகைக்காரர் 1814இல் அதை உடைத்துப்போட்டார். வருகிறவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் நிலத்தில் தொல்சின்னமும் பிழைப்பதில்லை.

ஆகவே, ஸ்காட்லாந்து நாட்டுப்புறத்துக்குப் போகிறவர்கள் காரில் ஏறிக் கோட்டைக்குக் கோட்டை ஓடுவதை விட்டு, ஒரு வட்டாரத்தைத் தேர்ந்து நடப்பது நல்லது. ஆர்கைலின் கில்மார்ட்டின் பள்ளத்தாக்கு அதற்குப் பொருத்தம். பத்துக் கிலோமீட்டர் ஆரத்துக்குள் 800க்கு மேற்பட்ட சின்னங்கள் அங்கே உண்டு: வரிசையாகப் புதைகுழிக் கற்குவியல்கள், பாறையில் செதுக்கிய வளையங்கள், பாதம் பதித்த குழியோடு பழைய டால்ரியாடா நாட்டு அரசர்களின் டுனாட் குன்று. எல்லாவற்றையும் கால்நடையாகவே பார்க்கலாம். அரசும் அறக்கட்டளைகளும் செய்ய வேண்டியது, பழைய மாட்டுத்தடங்களையும் ஊர்வழிகளையும் கோட்டைக்கு இணையான தொல்சின்னங்களாக ஏற்று, சட்டக் கடமையோடு அவற்றுக்குப் பணம் ஒதுக்குவது. கோட்டைச் சுவர் சரிந்தால் ஒரு குடும்பத்தின் பெருமை சரியும். வழி அழிந்தால், அதற்காக நீதிமன்றத்தில் நின்று பேசிய மேய்ப்பர்கள் வென்று கொடுத்தது அத்தனையும் போய்விடும்.